தோட்டத்துப் பாப்பி

காலையிலேயே கரையில் கொடி ஏறிவிட்டது. கடல்பாசி அறுக்கலாம், அறுத்ததைக் காயப்போட வெயிலும் இருக்கும் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் ரிஷிரித் தீவில் யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். தொகுசாபுரோ மலையேறும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"முட்டி வலின்னு சொல்லிடுங்க. அந்த எடம் உங்களத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி சுமியே.

உலகத்திலேயே அந்த மலையில் மட்டும் பூக்கிற மஞ்சள் பாப்பி, கசகசா இனத்துப் பூச்செடி, முன்பு ஒரு மண்சரிவில் பாதி போய்விட்டது. பதறிப்போன ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசல் பாப்பியிலிருந்து விதை எடுத்துக் கொண்டுபோய்த் தூவினார்கள். அதிகம் தூவியவர் தொகுசாபுரோ. ஆள் போகாத ஒரு மலைச்சரிவிலும் தூவிவிட்டு வந்தார். வாசல் பாப்பி வேறு ஜாதி, இரண்டும் கலந்தால் மலைச்செடியின் வம்சமே கெட்டுவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். தூவியதையெல்லாம் பிடுங்க, அந்தச் சரிவுக்கு வழி காட்டச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு கின்சோ பாசிக் கொக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, வாசப் பூவ மலைக்குப் பொண்ணாக் கட்டிக்குடுத்து இத்தன வருசம் கழிச்சு, மாமியாக்காரி வேணாங்கறாளாமே?"

"ஆமாண்டா. ஊரான் கழுத்தப் புடிச்சுத் தள்ளறதுக்கு முன்னால அப்பனே போயி கூட்டிட்டு வந்துடறேன்."

சரிவு முழுக்கப் பூத்திருந்தது. ஒன்றுகூடப் பிழைத்திருக்காது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர், குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். கூட வந்த ஆராய்ச்சிக்காரர்களில் ஒருத்தியான மினோரி தயங்கினாள்.

"நீங்க ஒக்காருங்கய்யா. நாங்க எடுத்துடறோம்."

"இங்க முன்ன வெறும் கல்லுதாம்மா. இருக்கறதெல்லாம் நான் போட்டது. வேர் ஆழமாப் போகும், இழுத்தா அறுந்து மறுபடி தழைக்கும்."

கல்லை விலக்கி, ஒவ்வொன்றாகத் தோண்டிச் சாக்கில் போட்டார். வெயில் சாயும்வரை ஆயிற்று.

வீட்டு வாசலிலும் அதே பூ. மண்வெட்டியோடு அதன் எதிரில் நின்றவரைச் சுமியே பார்த்துவிட்டாள்.

"அதுல கை வச்சீங்கன்னா இன்னிக்குச் சோறு கெடையாது. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். இதழ் உதிர்ந்த காய்களை மட்டும், முற்றி வெடித்து விதை காற்றில் மலைக்குப் போகுமுன் நறுக்கினார். சுமியே கிண்ணத்தை நீட்டினாள். காய்கள் அடுப்பு நெருப்புக்குப் போயின. பூக்கள் நின்றன.