வாழ்த்து சார்

பேராசிரியர் காலையில் கண் விழித்ததும் முதலில் தேடுவது கைப்பேசியைத்தான். பல் துலக்கி முடிப்பதற்குள் ஆறேழு பேருக்கு வாழ்த்து போய்விடும். ஒருவருக்குக் கட்டுரை வெளியாகியிருக்கும், இன்னொருவர் கருத்தரங்க மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பார். எல்லோருக்கும் ஒரே வாசகம்தான்: "வாழ்த்துகள்! பெருமையாக இருக்கிறது."

"ஏங்க, பால் பொங்குது பாருங்க! பக்கத்துலதானே நிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"ம்," என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் இன்னொரு படத்துக்கு ஓர் இதயத்தை அழுத்திவிட்டு நகர்ந்தார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? துறையிலேயே அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒருவர் எதையாவது போட்டால் மற்றவர்கள் பகிர வேண்டும். பகிராவிட்டால் துறைத்தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "நாம வெளியில தெரியணும் சார், தெரிஞ்சாத்தான் மதிப்பு," என்பார். முதலில் பேராசிரியருக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை. விரல் தானாகப் போகும், தானாக அழுத்தும். மாணவர்கள் தமக்கு 'வாழ்த்து சார்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவர் காதுக்கும் வந்தது. அதற்குக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை.

அன்று முற்பகல் அவருடைய ஆய்வு மாணவி அறைக்குள் வந்தாள். பெரிய சாலைகளை ஒட்டிய வீடுகளில் இரைச்சல் மனிதர்களின் தூக்கத்தை என்ன செய்கிறது என்பது அவள் ஆய்வு. வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியவள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

"சார், ஒரு கையெழுத்து."

அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேனாவைத் திறந்து, அவள் காட்டிய இடத்தில் போட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதா? சந்தோஷம்மா."

அவள் நகரவில்லை. "என்ன கையெழுத்துன்னு கேக்கலையே சார்."

"நேத்தே உன் பதிவைப் பார்த்தேனே. வாழ்த்துகூடப் போட்டேனே!"

"அதுல என்ன எழுதியிருந்தேன் சார்?"

பேராசிரியர் யோசித்தார். ஆய்வுக்கூட வாசலில் இவள் நிற்கிற படம் நினைவிருந்தது. அதற்குக் கீழே நாலைந்து வரி இருந்ததும் நினைவிருந்தது. அந்த வரிகள் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் தன் கைப்பேசியை எடுத்து நிதானமாகப் படித்தாள். "'இரண்டாவது இயலைக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் யாரும் படிக்கவில்லை. இனி என்னால் முடியாது. ஆய்வை விட்டுப் போகிறேன்.' அதுக்குக் கீழே நீங்க: 'வாழ்த்துகள்! பெருமையாக இருக்கிறது.'"

அதற்கும் கீழே யார் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள்.

அந்த நொடியில் ஒரு மனுஷனுக்கு என்ன தோன்ற வேண்டும்? வெட்கம் வர வேண்டும், அய்யோ என்று மனசு பதற வேண்டும். பேராசிரியருக்குத் தோன்றியது, அந்த வாழ்த்தை உடனே நீக்கிவிட வேண்டும் என்பதுதான். விரல் திரைக்குப் போயேவிட்டது. பாதியில் அதைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

"திட்டுவீங்கன்னு நினைச்சேன் சார். திட்டியிருந்தா, படிச்சாரேன்னு சந்தோஷமாவது பட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு அவள் அந்த விலகல் தாளை மடித்துக்கொண்டு போனாள்.

அவர் கதவைச் சாத்தினார். அவளுடைய இயல் எங்கே என்று தேடினார். அலமாரியில், மேடைகளில் வாங்கிய கேடயங்களுக்கு அடியில் கிடந்தது. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஒவ்வொரு பக்கத்திலும் கை கைப்பேசியைத் தேடியது. ஆனாலும் படித்தார். நன்றாகவே எழுதியிருந்தாள் அந்தப் பெண். ஓர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருந்தது:

'சார், பல பேர் "சத்தமா? எங்களுக்குப் பழகிப்போச்சு" என்கிறார்கள். அவர்களைப் பாதிப்பு இல்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் சொன்னால்தான் மேலே எழுத முடியும்.'

பேராசிரியர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வழிந்த பால் நினைவுக்கு வந்தது. பிறகு அவளை அழைத்தார்.

"அம்மா, ஓரத்துல ஒரு கேள்வி எழுதியிருந்தியே... அவங்களைப் பாதிப்பு இல்லாதவங்கன்னு எடுத்துக்காதே. பழகிப்போச்சுன்னு சொல்றவங்கதான் ரொம்ப பாதிக்கப்பட்டவங்க. அவங்களுக்கு உறைக்கவே மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"இந்த ஒரு பதிலுக்குத்தான் சார் ஒரு வருஷம் உங்க கதவுகிட்ட நின்னேன்," என்றாள்.

"அந்தத் தாளைக் கொடுத்துடாதே. திரும்பி வந்துடும்மா."

"கொடுத்துட்டேன் சார். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, நாளைக்குக் கிளம்பறேன். எனக்கு முடிஞ்சுபோச்சு. ஆனா உங்ககிட்ட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க எழுதினதை எடுத்துப் படிங்க. வாழ்த்து போடறதுக்கு ஒரு விரல் போதும் சார். படிக்கறதுக்கு ஆள் வேணும்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. துறைத்தலைவர் பரிசு வாங்கும் படம் ஒன்று திரையில் வந்து நின்றது, இன்னும் யாரும் வாழ்த்தவில்லை. பேராசிரியர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அலமாரியைத் திறந்து, கேடயங்களை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த அடுத்த மாணவரின் தாள்கட்டை எடுத்தார்.