பத்துப் பலகைகளை எங்கே செய்விப்பது

1.

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். சர்க்கிட் பலகை எப்படிச் செய்யப்படுகிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒரு மாணவர் சஞ்சிகையிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. "ஹாலிஎலயில் ரேடியோ திருத்தும் சிவசக்திக்குப் பத்துப் பலகைகள் தேவை என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தோடு அவளை விட்டிருக்கலாம். பத்துப் பலகை அவளுக்கு எதற்கு என்று நானே கேட்டுத் தொலைத்தேன். அதற்குப் பதில் தேடப் போனதில் கட்டுரை நின்றுபோயிற்று. சஞ்சிகைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கதையாக மாற்றலாம் என்று தொடங்கினேன்.

[2007 ஒக்டோபரில் ஒரு மாலை, மழை வருவதுபோல் இருந்தபோது, சிவசக்தி]

பதுளைப் பக்கத்தில் மழை வருவதுபோல் இருப்பது ஒரு செய்தியா? விட்டேன்.

[தாமிரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே சிவசக்தி]

"ஆகவே" என்று ஒரு பெண்ணைக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது. இதையும் விட்டேன். நேரே சொல்லிவிடுகிறேன்.

2.

மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் ஏறும் மலையில் நிலம் வெடித்திருக்கிறது. போன வருடம் விரல் நுழைந்த வெடிப்பில் இந்த வருடம் கை நுழைகிறது. அதற்குக் கீழே நாற்பது குடும்பங்கள். அவற்றில் ஒன்று சிவசக்தியின் அக்கா தனலெட்சுமியின் குடும்பம். தோட்ட நிர்வாகம், மழை முடியட்டும் பார்ப்போம் என்றது. மழையில்தான் மலை இறங்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லியும் இருக்கலாம்.

தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த சிவசக்தி ஒரு கருவி யோசித்தாள். வெடிப்புக்கு மேற்பக்கம் ஓர் இரும்பு முளை. கீழ்ப்பக்கம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பி. நிலம் நகர்ந்தால் கம்பி இழுபடும், பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் திறக்கும். உடனே அலறக் கூடாது, ஏனென்றால் ஆடு இடித்தாலும் கம்பி இழுபடும். மூன்று விநாடி பொறுத்துப் பார்க்க வேண்டும். இழுப்பு விடாமல் இருந்தால்தான் சங்கு ஊத வேண்டும். அந்தப் பொறுமையும் சங்கின் ஓசையும் இருக்கும் இடம்தான் பலகை. வெடிப்பு நீளமானது, பத்து இடத்தில் கம்பி கட்ட வேண்டும். ஆகவே பத்துப் பலகை.*

* 2007இல் ஒரு தமிழ்ப் பெண் கம்பி, பெட்டி, மூன்று விநாடி என்ற சொற்களை ஒரே மூச்சில் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த யுத்த வருடங்களில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதிக்கப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலகைகள் எங்கிருந்து வந்தாலும் வழியில் யாராவது பொதியைத் திறப்பார்கள். அதனால் ஒவ்வொரு பலகையிலும் "மண்சரிவு எச்சரிக்கை" என்று மூன்று மொழியிலும் வெள்ளை மையில் அச்சிட அவள் வரைந்திருந்தாள். இதை வேறொரு கதையாக எழுதலாம். எனக்குத் தைரியம் போதாது.

3.

வீட்டில் ஒன்று செய்து பார்த்தாள். தாமிரத் தகடு ஒட்டிய பலகையில், மின்சாரம் ஓட வேண்டிய பாதைகளை மையால் வரைந்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் போட்டால், மை இல்லாத தாமிரம் கரைந்துபோகும். மைக்கு அடியில் இருப்பது பாதையாக மிஞ்சும். கோலத்தை விட்டுவிட்டு வாசலையே கரைப்பது போல. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும், இன்னும் ஒரு பக்கம் சொல்லலாம். [சொன்னேன். வெட்டிவிட்டேன்.]

அந்தப் பலகை வேலை செய்தது. ஆனால் மேலே பச்சைப் பூச்சு கிடையாது. கடையில் வாங்கும் ரேடியோவின் பலகை பச்சையாக இருப்பது அழகுக்கு அல்ல, ஈரம் பாதையைத் தொடாமல் இருக்க. மடுல்சீமைப் பனிமூட்டத்தில் பூச்சில்லாத பலகை ஒரு மாதத்தில் தானாகவே ஊதத் தொடங்கும். இரண்டு தடவை பொய்யாக ஊதினால் மூன்றாம் தடவை யார் எழுந்து வருவார்கள்? ஆகவே வெளியே கொடுத்துத்தான் செய்விக்க வேண்டும்.

இரண்டு இடங்கள் இருந்தன.

ஒன்று, கொழும்பில் ஹுமைத் என்பவரின் சிறிய பட்டறை. பத்து நாளில் தருவார். பூச்சு உண்டு. ஆனால் பலகையின் துளைகளுக்குள் தாமிரம் படிய வைக்கும் தொட்டி அவரிடம் இல்லை. மேற்பக்கப் பாதையையும் அடிப்பக்கப் பாதையையும் துளைக்குள் கம்பி விட்டு அவள்தான் இணைக்க வேண்டும். ஒரு பலகைக்கு நாற்பது துளை. ஒவ்வொன்றும் ஈரத்தில் விட்டுப்போகக்கூடிய இணைப்பு.

மற்றது சீனாவில், ஷென்ஷெனில், இன்டர்நெட்டில் மட்டும் பார்த்த கம்பனி. துளைகள் தாமிரம் படிந்தே, அச்சு வார்த்தது போல வரும். பத்துப் பலகை என்றாலும் மறுக்காமல் செய்வார்கள். பணம் கட்ட, படிப்பித்த மிஸ் ஒருவர் தன் கடனட்டையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் செய்து தபாலில் வரப் பதினைந்து நாள் ஆகும். தீபாவளி கழிந்தால் பெருமழை. திங்கள், ஒக்டோபர் 22, பலகையின் வரைபடக் கோப்பை அனுப்புவதற்குக் கடைசி நாள். அனுப்பினால் அனுப்பியதுதான், ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

ஹுமைத் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பது) மாற்றலாம். அவர் போனில் சொன்னது இது:

"ஒங்கட வரைபடத்தப் பிலிம் எடுக்குற நாள் வரைக்கும் மாத்துங்க தங்கச்சி, நான் ஒண்டும் சொல்லமாட்டேன். ஆனா ஒண்டு கேக்கட்டுமா? ஒங்களுக்கு என்ன வேணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றாள் சிவசக்தி. அன்றைக்கு அவளுக்குத் தெரியும்தான். நல்ல பலகை, மாற்ற முடியாது. சுமாரான பலகை, மாற்றலாம். எதையும் மாற்ற வேண்டியிராதபோது இதில் என்ன குழப்பம்? ஷென்ஷென்தான்.

கட்டுரையாக இருந்திருந்தால் இங்கே முடிந்திருக்கும்.

4.

அனுப்புவதற்கு எட்டு நாள் முன், ஒக்டோபர் 14 ஞாயிறு, வீட்டில் செய்த பலகையைப் பெட்டியில் வைத்து மடுல்சீமைக்குக் கொண்டுபோனாள். உண்மையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதும் உண்மையாகத் தெரிய வேண்டுமென்று அக்காவுக்கு மட்டும் சொல்லி வைத்தாள்.

ஓசையை அவள் மிகவும் யோசித்தே தெரிவு செய்திருந்தாள். நாற்பது குடும்பத்துக்கும் தூக்கத்திலும் தெரிந்த ஓசை எது? காலையில் பக்டரியில் ஊதும் சங்கு. தாழ்வில் தொடங்கி ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கும் அந்த ஓசையை அப்படியே பலகையில் அமைத்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பியை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சங்கு ஊதியது.

லயங்களின் கதவுகள் திறந்தன. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். கூடைகளோடு வந்தார்கள். ஞாயிறில் பறித்தால் அன்றன்றே கொடுக்கும் கைக்காசுக் கொழுந்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு, தினமும் வேலைக்கு முன் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். களம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெடிப்புக்கு நேர் கீழே.

ஐந்து நிமிடத்தில் தோட்டம் முழுவதும் மலை விழக்கூடிய இடத்தில் ஒழுங்காக வரிசையில் நின்றது. மலை விழுந்தாலும், வீடுகளில் இருந்திருந்தால் சிலராவது தப்பியிருப்பார்கள்.

மூன்றாவது வரிசையில் தனலெட்சுமி நின்றாள். சிவசக்தி ஓடிப்போய், உனக்குத் தெரியுமே அக்கா என்று கையைப் பிடித்தாள்.

"தெரியும்டி," என்றாள் தனலெட்சுமி. அவள் தோளிலும் கூடை இருந்தது. "காலுக்குத் தெரியல."

5.

இங்கே சிவசக்தியோடு சேர்ந்து நானும் குழம்பிப் போனேன். ஓசையை மாற்ற வேண்டும் என்பது சரி. எதுவாக? தோட்டத்தில் எந்த ஓசையும் ஆளைக் கூட்டுவதற்கே இருக்கிறது. சங்கு வேலைக்குக் கூட்டும். தப்பு மேளம் சாவுக்கும் திருவிழாவுக்கும் கூட்டும். கோயில் மணி கூட்டும். கலைந்து போ என்று சொல்லும் ஓசை ஒன்றைக் காலையிலிருந்து மாலைவரை தேடினேன். ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதைச் சிவசக்தியின் வாயில் வைத்தேன்: மலையில் குளவி கலைந்தால் ஓடுவீர்களே, அந்த இரைச்சலைப் பலகையில் வைக்கட்டுமா?

தனலெட்சுமி யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"பாதிப் பேரு ஓடுவோம். பாதிப் பேரு இடுப்புல கட்டுன படங்கை இழுத்துப் போத்திக்கிட்டு அங்கயே குப்புறப் படுத்துருவோம். நான் எந்தப் பாதின்னு குளவி வந்தாத்தான் எனக்கே தெரியும்."

[குளவி ஓசையை எப்படி அமைப்பது என்று நான் எழுதி வைத்திருந்த அரைப் பக்கம் இங்கே இருந்தது.]

ஆகவே பலகை மாற வேண்டும், ஆனால் எதுவாக மாற வேண்டும் என்று தெரியாது. அப்படியானால் ஹுமைத் நானாவா? அச்சான பலகையில் பாதையை மாற்றுவதென்றால் கத்தியால் வெட்டி வயரால் ஒட்டுப்போட வேண்டும். ஈரத்தில் முதலில் கெடுவது அந்த ஒட்டுத்தான். மாற்றக்கூடிய இடத்தில் கொடுத்தால் துளைகள் நம்பிக்கையில்லை. நம்பிக்கையான இடத்தில் கொடுத்தால் ஓசையைத் திங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். சிவசக்தி இரண்டு பேரையும் மாற்றி மாற்றித் தெரிவு செய்தாள். அந்தக் கிழமை முழுதும் நான் அழித்து அழித்து எழுதினேன்.

வியாழக்கிழமை தனலெட்சுமி தோட்டத்துக் கடையிலிருந்த சீ.டி.எம்.ஏ. போனிலிருந்து பேசினாள்.

"நீ ஏன்டி சத்தத்த மாத்துற? பெரட்டு எங்க போடுறாங்களோ அங்கதான் கால் போகும். பெரட்ட மாத்து."

ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. அடியில் பாறை, மேலே மலை இல்லை. தினமும் காலையில் பேர் கொடுப்பது அங்கே என்று ஆகிவிட்டால், அதே சங்கு, அதே பலகை, ஒரு கோடும் மாறாமல், எல்லோரையும் மலையிலிருந்து அகற்றிவிடும். பலகையில் செய்ய வேண்டிய திருத்தம் பலகைக்கு வெளியே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் இத்தனை கருவிகளைப் பற்றி விளக்கியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

சிவசக்தி, பெரட்டில் பேர் பதியும் கங்காணி இராமையாவிடம் பேசினாள். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய மகள் வீடும் வெடிப்புக்குக் கீழேதான். ஆனால் பெரட்டு எங்கே என்பது தோட்டத்து மேலாளரான துரை சொல்ல வேண்டியது, துரை கொழும்பில், வர இரண்டு கிழமையாகும், தான் சொல்லி மாற்றினால் தன் பேரை யார் போடுவது என்று கேட்டார்.

6.

அடுத்து நடப்பதை எழுதிவிட்டு நம்பாமல் மூன்று தடவை அழித்தேன்.

திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியதும் தனலெட்சுமி களத்துக்குப் போகாமல் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூட மைதானத்தில் போய் நின்றாள் என்று எழுதினேன். நிற்பாளா? பேர் விழாவிட்டால் அன்றைய நாள் இல்லை, கூலியும் இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் ஒரு நாள் என்றால் என்ன என்று எழுதுகிறவனுக்கு அவ்வளவு சுலபமாகத் தெரியுமா? ஒரு பாத்திரத்துக்குத் தைரியத்தைக் கொடுப்பதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை. அதனால்தான் சந்தேகப்பட்டேன்.

பிறகு ஞாயிறு மாலையை எழுதிப் பார்த்தேன். அன்று பெய்த மழை விட்டதும் தனலெட்சுமி தனியாக மேலே ஏறினாள். கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை வெடிப்புக்குள் இறக்கினாள். கம்பு முழுவதும் போயிற்று; பிடித்திருந்த கை மண்ணில் தட்டியது. அப்படியும் அடி தட்டவில்லை. கம்பை உருவி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, அதில் மண் ஒட்டியிருந்த உயரத்தைக் காட்டினாள்.

இதை எழுதியபின் அழிக்க முடியவில்லை.

7.

திங்கள் காலை ஆறரை. மைதானத்தில் முப்பத்தொரு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பழைய களத்தில் ஆண்கள் எட்டுப் பேரும், என்ன செய்வதென்று தெரியாத ஆறு பெண்களும். ஹாலிஎலயில் இன்டர்நெட் கடை வாசலில், கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு, கடை திறக்கக் காத்திருக்கிறாள் சிவசக்தி. நடந்ததைச் சொல்ல அக்கா போன் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு முடிவு: இராமையா மைதானத்துக்கு வந்து பேர் போடுகிறார். அப்படியானால் பெரட்டு மாறிவிட்டது. கோப்பு ஷென்ஷெனுக்குப் போகிறது. தீபாவளிக்குள் நல்ல பலகைகள் வருகின்றன.

இன்னொரு முடிவு: அவர் வரவில்லை. முப்பத்தொரு பேருக்கும் நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை எல்லோரும் பழைய களத்தில் நிற்கிறார்கள். சிவசக்தி ஹுமைத் நானாவைக் கூப்பிட்டு, ஓசையை மாற்ற வேண்டும், எதுவாக என்று இன்னும் தெரியாது என்கிறாள்.

[மூன்றாவதாக, துரை திடீரென்று கொழும்பிலிருந்து] இல்லை. அவர் வரமாட்டார்.

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். முதலாவது, நான் ஆசைப்பட்டது போல இருக்கிறது. இரண்டாவது, எனக்குப் பயமாக இருப்பது போல இருக்கிறது. நடந்தது போல இரண்டும் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்:

இராமையா பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு களத்திலிருந்து இறங்கி, ஓடைப் பாலம் வரை நடந்தார். பாலத்தின் நடுவில் நின்றார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மலையை மட்டும் பார்க்கவில்லை. அங்கேயே புத்தகத்தை விரித்து, முதல் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"தனலெட்சுமி."

பேர் கூப்பிட்டால் ஓரடி முன்னால் வர வேண்டும் என்பது வழக்கம்.

"இங்க இருக்கேன்ங்க கங்காணி," என்றாள், நின்ற இடத்திலிருந்தே.

அவர் பேனையைத் திறந்துவிட்டார். அது இன்னும் தாளில் படவில்லை. அவர் பேரைப் பதிகிறாரா, புத்தகத்தை மூடுகிறாரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்கு இரவல் தைரியம்தான் உண்டு. முடிவு செய்ததும் ஹாலிஎலயில் நிற்கும் சிவசக்திக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இன்டர்நெட் கடையைத் திறந்துவிட்டார்கள்.