பிரேக்கில் வைத்த கால்

வேப்பந்தட்டைக்கு மேற்கே, இராமலிங்கத்தின் சோளக்காட்டில் கிணற்றை ஆழப்படுத்தும் வேலை நடந்தது. மேலே கிரேனை இயக்குபவள் செங்கமலம். உள்ளே இறங்கிப் பாறை உடைப்பவர்கள் அவள் புருஷன் அறிவரசனும் கொழுந்தன் செல்லதுரையும்.

காலையில் ஆட்கள் இறங்குமுன், இரும்புத் தொட்டியில் கல்லை நிரப்பிப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டு எஞ்சினை அணைப்பாள். தொட்டி கடகடவென்று இறங்கும். பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமாக மிதித்து நிறுத்துவாள். ஒரே மிதியாக மிதித்தால் கம்பி வடம் அறுந்துபோகும்.

"என்னம்மா வெளையாட்டு? பொழுது போவுதுல்ல," என்பார் இராமலிங்கம்.

"காலு மறந்துடக் கூடாதுங்க."

அன்று மழை விட்ட மறுநாள். உச்சிப் பொழுதில் காற்றே இல்லை. உள்ளே தண்ணீரில் ஒரு சிறு கல் விழும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. யாரும் பாறை உடைக்கவில்லை. இருவரும் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சுவர்தான் உதிர்கிறது என்று செங்கமலத்துக்குப் பட்டது.

"மேல வாங்க ரெண்டு பேரும்."

"இந்த ஒரு தொட்டி போவட்டும் புள்ள," அறிவரசனின் குரல் ஆழத்திலிருந்து வந்தது.

"மண்ண அங்கேயே கொட்டிட்டு ஏறுங்கங்கிறேன்."

இருவரும் தொட்டியில் ஏற, அவள் மேலே தூக்கினாள். பாதி தூரம் வந்ததும் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. தொட்டி கீழே பாய்ந்தது. அவள் நினைப்பதற்குள் கால் மிதித்தது, விட்டது, மீண்டும் மிதித்தது. வடம் முனகியபடி நின்றது.

அதே நேரம் கிணற்றின் கீழ்ப்பக்கச் சுவர் பெயர்ந்து விழுந்தது. புழுதி மேலே பொங்கி வந்தது. உள்ளே பேச்சுமூச்சில்லை. கத்த வாயெடுத்தாள், கத்தினால் கால் அசையும் என்று அடக்கிக்கொண்டாள். பிறகு யாரோ இருமினார்கள். இன்னொருவரும் இருமினார்.

"ஐயா, எஞ்சின் கைப்புடியச் சுத்துங்க. பதறாம சுத்துங்க."

இராமலிங்கம் சுற்றினார். வெறும் புகை. மறுபடியும் சுற்றினார். அவள் தொடை வெடவெடத்தது. பாதம் மட்டும் அசையவில்லை. ஒருவழியாக எஞ்சின் பிடித்தது.

இருவரும் மண் பொம்மைகளாக வெளியே வந்து விழுந்தார்கள். செல்லதுரை வாந்தியெடுத்தான். அறிவரசன் அவளைப் பார்த்தான்.

"கெணறு போச்சே," என்றார் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த இராமலிங்கம்.

"பின்னால வாங்கய்யா," என்றாள் அவள்.

அவர் நின்ற இடத்துக்கும் கிரேனுக்கும் நடுவே, தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது.