கக்கத்தில் இடுக்கிய உதைபந்து

அந்த அமெரிக்கன் பொய்க்காரன் என்பது புகைப்படத்தைப் பார்த்ததுமே கிளறாவுக்கு விளங்கிவிட்டது.

பலெர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் சிஞ்ஞோரா ரொசாலியாவின் வீட்டோடு தங்கி, அந்த மூதாட்டியைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுப்பவள் கிளறா. போன கிழமை அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய மார்க்கோ, தான் சிஞ்ஞோராவின் தாய்மாமன் தூரியின் கொள்ளுப்பேரன் என்றான். தூரி பக்கத்து ஊரான பகேரியாவில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறி, அமெரிக்கக் கல்லூரியில் புட்போல் நட்சத்திரமானவராம். தோல் தொப்பி போட்டு ஆடுவாராம். மூக்கு உடைந்தும் ஆட்டத்தை விட்டு வரமாட்டாராம். 'பலெர்மோப் புயல்' என்று பத்திரிகைகள் எழுதினவாம். கடைசி வருடம் முழங்கால் போய், பிறகு ஏதோ ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராகவே இருந்து கண்ணை மூடினாராம். சிஞ்ஞோரா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்க்கோ காட்டிய படத்திலோ அந்த நட்சத்திரம் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பந்தும் பப்பாளிக்காய் மாதிரி நீண்டிருந்தது.

"எத்தனை கோல் அடித்தார்?" என்று கிளறா கேட்டாள்.

"கோலா? அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்," என்ற மார்க்கோ, சிஞ்ஞோராவின் பக்கம் திரும்பி, "ஒரு ஆளுக்கு இந்த வீடு பெரிதுதான், இல்லையா?" என்றான்.

கிளறா குசினிக்குள் போய்க் கணவன் கொட்வினுக்குப் போன் எடுத்தாள். அவன் மன்னாரில் தேவாலயப் பங்கின் உதைபந்து அணிக்கு ஆடியவன். இப்போது நகரின் மறுகோடியில், பிரான்காச்சோவில் ஒரு கராஜில் வேலை.

"கையாலை தூக்கிக்கொண்டு ஓடினா உதைபந்தோ அது? மீன் சந்தையிலை திருக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினவராக்கும்."

"பகிடி விடாதேங்கோ. வீட்டை வித்துப்போட்டு மனிசியை எங்கையாவது தள்ளப் பாக்கிறான். பிறகு என்ரை வேலை? பெர்மெஸோ விசாவைப் புதுப்பிக்க என்னத்தைக் காட்டுறது?"

"அப்ப கள்ளனெண்டு சொல்லு."

அன்று மாலையே அவன் கள்ளன் என்று சிஞ்ஞோராவிடம் சொன்னாள். மறுநாள் காலை மார்க்கோவின் பெட்டி வாசலில் நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் கொட்வின் போனை நீட்டினான். அவன் முகம் செத்திருந்தது.

"அமெரிக்காவிலை புட்போல் எண்டா வேறையாம்."

திரையில் தடித்த ஆட்கள் பப்பாளிக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அண்டைக்கு ஏன் இதைப் பாக்கேல்லை?"

"நீ பந்தைப் பற்றித்தானே கேட்டனீ. அமெரிக்காவைப் பற்றிக் கேக்கேல்லையே."

அன்று மத்தியானம் கிளறா சூப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "சிஞ்ஞோரா, மார்க்கோ சொன்னது உண்மை. அந்த விளையாட்டு அப்படித்தான்," என்றாள்.

"தெரியும். மாமாவின் பந்து நீளம் என்று அம்மா சொல்லுவாள்."

"பிறகு ஏன் அவனை அனுப்பினீர்கள்?"

"வந்ததிலிருந்து அறை அறையாகப் படமெடுத்தான். என்னை ஒரு படம் எடுக்கவில்லை."

கிளறாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

"நீ ஏன் அவனைக் கள்ளன் என்றாய்? என் மாமாவுக்காகவா?"

"இல்லை. வீடு போனால் என் வேலையும் போய்விடும்."

சிஞ்ஞோரா தலையாட்டினார். போகச் சொல்லவில்லை. கரண்டியை எடுத்து, சூப்பை அள்ளி, கிளறாவின் பக்கம் நீட்டினார்.

"இனி எது கொண்டுவந்தாலும் முதலில் நீ குடி."