தறிச் சத்தம் நுழையாத ஜன்னல்

சோமனூரில் தறிக்காரர் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்காது. சீனிவாசலுவின் வீட்டுக்கு மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடங்கள், பின்பக்கத்துக் கூடம் அவருடையதேதான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும் பஸ்ஸை நிறுத்துகிற குரலில்தான் கேட்பார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ராமாமணியும் அப்படியே ஆகிப்போனாள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ், இரண்டிலும் கத்தல்தான்.

அந்தச் சத்தம் இப்போது மகளையே கொண்டுபோகப் பார்த்தது. ஹர்ஷிணி சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டிங்கில் அவள் மைக்கைத் திறந்தால் அவளுக்கு முன்னால் தறி பேசியது. மாதக் கடைசிக்குள் சத்தமில்லாத இடம் பார், இல்லையென்றால் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஹாஸ்டல், காலேஜ் ஹாஸ்டல், சென்னையில் வாடகை ரூம் என்றே வளர்ந்த பிள்ளை, இப்போதுதான் வீட்டுச் சோறு தின்று முகம் தெளிந்திருக்கிறாள். மறுபடியும் பெட்டி கட்டுவதா? விடுவதாக இல்லை ராமாமணி.

குற்றவாளி யாரென்று அவளுக்குத் தெரியும். மாமனார் காலத்துத் தேக்கு ஜன்னல்கள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், வேலைக்கு ஆகாது. பலகை காய்ந்து சுருங்கி, சாத்தினாலும் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. அது வழியாகப் பஞ்சும் சத்தமும் தாராளமாக வந்து போயின.

ஜன்னலை மாற்றுவதென்று முடிவானது. முதலில் வந்த ஜன்னல் கம்பெனிக்காரர் டை கட்டியிருந்தார். கூட வந்த ஆட்கள் ஹர்ஷிணி அறையின் பழைய ஜன்னலுக்கு முன்னால் மாதிரிக்குக் கொண்டுவந்த ஒரு ஜன்னலைத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் ஸ்பாஞ்சைத் திணித்தார்கள்.

"இப்பப் பாருங்க சார்" என்று கண்ணாடிக் கதவை நகர்த்திச் சாத்தினார் அவர்.

சத்தம் கப்பென்று நின்றது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. சீனிவாசலு வாயைப் பிளந்தார். "அட, நம்மூருதானா இது" என்றவர், எத்தனை ஜன்னல் என்று எண்ணவே ஆரம்பித்துவிட்டார். டை கட்டியவருக்கும் ஆச்சரியம்தான். தன் சரக்கு இவ்வளவு நல்லதென்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருந்தது.

ராமாமணிக்கு மட்டும் கழுத்தில் வேர்த்தது. நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"ஏனுங்க, ஃபேனும் நின்னுபோச்சுங்களே."

கரண்டு போயிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்தது, ஊரிலுள்ள தறியெல்லாம் ஒன்றாகக் கிளம்பி அந்தக் கண்ணாடியையே நடுங்க வைத்தன. டை கட்டியவர் காபிகூடக் குடிக்காமல் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாவது கம்பெனி வீட்டைப் பார்க்க வரவே இல்லை. போட்டோ அனுப்புங்கள், ஊசி விழுந்தால் கேட்கும்படி ஆக்கித் தருகிறோம் என்றது.

மூன்றாவதாக வந்தவர் அமீர் ஹம்சா. பல்லடம் ரோட்டில் சின்னதாகக் கம்பெனி வைத்திருப்பவர். சந்துகளில் கையை வைத்துப் பார்த்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"முழுசா நிறுத்த முடியாதுங்கம்மா. முடியும்னு சொன்னா அது பொய்யி. ரெட்டைக் கண்ணாடி போட்டுச் சந்தெல்லாம் அடைச்சுத் தாரேன். தறி ஓடறது தெரியும், தொந்தரவு இருக்காது. மொதல்ல பாப்பா ரூமுக்கு மட்டும் போடுங்க. புடிச்சாப் பாக்கி."

அவர் போனதும் சீனிவாசலு முகத்தைச் சுளித்தார். "முடியாதுங்கற ஆளுகிட்டப் போயி வேலையக் குடுப்பாங்களா?"

"மூணு பேர்ல முடியாதுன்னு ஒண்ணச் சொன்னவரு அவரு ஒருத்தருதானுங்க. அவருக்கே குடுங்க" என்றாள் ராமாமணி. அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

ஜன்னல் வந்தது. ராமாமணி சாத்தியதும் முதலில் மேலே பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தம் எங்கோ அடுத்த ஊரில் ஓடுவது போல அடங்கிவிட்டது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மீட்டிங் முடிந்து ஹர்ஷிணி சிரித்தபடி வெளியே வந்தாள்.

"அம்மா, தறி கேக்கவே இல்லையாம். அப்பா தயிர் கேட்டதுதான் சென்னை வரைக்கும் கேட்டிருக்கு. இங்கயே இருந்துக்கோ, அப்பாவ மட்டும் கொஞ்சம் மெல்லப் பேசச் சொல்லுன்னுட்டாரு மேனேஜர்."

ராமாமணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த வாரமே மற்ற அறைகளுக்கும் வேலை தொடங்கியது.

எல்லாம் முடிந்த சாயங்காலம், ஹர்ஷிணி உள்ளே மீட்டிங்கில் இருந்தாள். ஹாலில் சீனிவாசலு எதையோ கேட்க வாயெடுத்து, மகளின் அறைக்கதவைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எழுந்து வந்து ராமாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மெல்லப் பேசிப் பழக்கமில்லாத தொண்டை, ஒருமுறை கனைத்துக்கொண்டது.

"ராமா, இந்தப் பச்சச் சேல உனக்கு ரொம்ப நல்லா இருக்குது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேட்காத பேச்சு.

"இத்தன வருசமா ஒருக்காவாச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

"தறி ஓடறப்பக் கத்திச் சொல்ற விசயமா இது? அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பாக்க மாட்டாங்களா?"

அவர் சேலையைப் பற்றிச் சொன்னது அவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தது. ஆனாலும் காதை அவர் பக்கம் சாய்த்தாள்.

"என்னமோ சேலன்னீங்களே, சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க."