சம்பந்தி வீட்டில் மயங்கிய கணினி

கணினி அணைந்தபோது ரதிவோயின் வாயில் காப்பி இருந்தது. அதை விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரை சட்டென்று கறுத்தது. பெட்டிக்குள் விசிறி நின்று, ஒருமுறை முனகி, மறுபடி சுழல ஆரம்பித்தது. ஒன்றும் நடக்காததுபோல இயந்திரம் முதலிலிருந்து கண் விழித்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவர் அந்த அறையின் நடுவில் நிமிர்ந்து நின்று, சம்பந்தி வீட்டார் எல்லோரும் கேட்கும்படி, இதில் ஒரு குறையும் இல்லை, ஒன்பது நாள் இரவு பகலாக நீஷ் நகரில் என் மேசைமேல் ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை என்று சொல்லியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சம்பந்தி பிளாகோயே தன் பெரிய கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கலினா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிடாமல் இருக்கப் பாடுபட்டாள். முற்றத்தில் குடைமிளகாய் கழுவிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் திவ்னா, ஈரக் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியுமா? அதுக்கு எங்க வீடு பிடிக்கல போலிருக்கு சம்பந்தி" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது ரதிவோய்க்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இயந்திரத்துக்கு வீடு பிடிக்கவில்லை என்று ஆரம்பிக்கும் பேச்சு, இயந்திரத்தோடு வந்தவளுக்கும் பிடிக்கவில்லை என்று முடிய எத்தனை நாளாகும்?

போன வருஷம் கலினாவுக்குக் கல்யாணம் நடந்தது. மற்ற வீடுகளில் பெண்ணுக்குத் துணியும் பாத்திரமும் கொடுத்தனுப்புவார்கள். ரதிவோய் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, தன் கையால் பூட்டி, ஒரு கணினியைக் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து பழுதான பொருள் எதுவும் வெளியே போனதில்லை என்று கல்யாணப் பந்தலில் எழுந்து சொன்னார். அதற்குப் பதிலாகப் பிளாகோயே கோப்பையைத் தூக்கி, பெண் வாழ வருகிற இந்த வீட்டில் வெளியாள் கை பட்ட செங்கல் ஒன்றுகூட இல்லை, சுவர், கூரை, குழாய், மின்சாரம் எல்லாம் பதினெட்டு வருஷமாக நானே போட்டது என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கொஞ்சம் போட்டியும் இருந்தது.

கலினா அந்தக் கணினியில் வீட்டு வரைபடங்கள் வரைகிறாள். பெல்கிரேடில் ஓர் அலுவலகம் மூன்று மாதம் வேலை கொடுத்துப் பார்க்கிறது. அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஜூலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்த நாட்களில்தான் இந்த மயக்கமும் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு தினம் ஒருமுறை. இந்தச் செப்டம்பரில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு. இரண்டு முறை அரைநாள் வேலை அப்படியே போயிற்று. அலுவலகத்தில் இரண்டு தடவை பொறுத்தார்கள். மூன்றாவது தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நயமாகச் சொல்லிவிட்டார்கள்.

ரதிவோய் சும்மா இருக்கவில்லை. முதலில் சூடுதான் காரணம் என்று நினைத்தார். பெட்டியைத் திறந்து தூசி தட்டி, சூடு கடத்தும் பசையை மாற்றி, விசிறிக்கு எண்ணெய் விட்டார். மயக்கம் நிற்கவில்லை. பிறகு நினைவகத்தின்மேல் சந்தேகம் வந்தது. கணினியை நீஷுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் முழுக்கச் சோதனை ஓட்டினார். ஒரு பிழையும் காட்டவில்லை. இருந்தாலும் அதன் பட்டைகளை இடம் மாற்றிச் செருகினார். கடைசியில் தன் சொந்தக் கணினியின் பவர் சப்ளையைக் கழற்றி இதில் போட்டார். அது ஜெர்மனியிலிருந்து தருவித்தது, அவர் வைத்திருந்ததிலேயே உயர்ந்தது. அவருடைய மனைவி மிலுன்கா, "என்னங்க, அதையும் குடுத்துட்டீங்களா? இனிமே உங்க மேசையில நாலு கம்பியும் ஒரு மனுஷனும்தான் மிச்சம்" என்று சிரித்தாள். குடும்ப மானம் போகிற இடத்தில் தன் மேசை காலியானால் என்ன என்று நினைத்துக்கொண்டார்.

இவ்வளவும் செய்துதான் கொண்டுவந்தார். அதுதான் காப்பி குடிப்பதற்குள் மயங்கி விழுந்தது.

பிளாகோயேயும் திவ்னாவும் முற்றத்துக்குப் போனபிறகு, கலினா மெதுவாகப் பேசினாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. கடையில ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். வாங்கிக்கிறேன்."

"கடையிலயா?"

"எனக்கு வேலை வேணும்ப்பா."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அதனால்தான் அவருக்கு வலித்தது. நாளை சாயங்காலம்வரை நேரம் கொடு என்றார். அன்று இரவு அங்கேயே தங்கினார்.

மறுநாள் காலையில் கலினாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். இயந்திரம் எப்போது விழுகிறது என்பதை மட்டும் குறித்தால் போதாது, அந்த நேரத்தில் உள்ளே என்ன சூடு, எந்த நிரல் ஓடியது என்பதையும் குறிக்கவேண்டும் என்று கட்டம் போட்டுக்கொண்டார். பத்து பத்துக்கு ஒன்று. பத்து ஐம்பத்தைந்துக்கு ஒன்று. பதினொன்று இருபதுக்கு ஒன்று. கட்டங்களுக்குள் எந்த ஒழுங்கும் தென்படவில்லை. பெரிய வரைபடம் திறந்திருந்தபோதும் விழுந்தது, ஒன்றுமே திறக்காதபோதும் விழுந்தது. கலினா இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேலையைச் சேமித்துக்கொண்டே வரைந்தாள். பயந்து பயந்து நடக்கிறவளைப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இடையிடையே கணினிப் பெட்டியைத் திறந்து மூடியதில் கையெல்லாம் அழுக்கு. முற்றத்துக் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவினார். கொட்டகையில் கிணற்று மோட்டார் தானாகவே உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்தால் அது தானே ஓடும், நிரம்பினால் தானே நிற்கும். அதுவும் பிளாகோயேயின் கைவேலைதான். அதே நேரத்தில் அறைக்குள்ளிருந்து கலினாவின் குரல் கேட்டது.

"போச்சு."

ரதிவோய் சோப்பு நுரையோடு நின்றார். பிறகு குழாயை மூடினார். மோட்டார் நிற்கும்வரை காத்திருந்தார். உள்ளே போய், எல்லாவற்றையும் சேமித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்து, மறுபடி குழாயைத் திறந்தார். மோட்டார் உறுமியது. திரை கறுத்தது. மூன்றாம் முறை மின்னழுத்தம் அளக்கும் கருவியைச் சுவர் சாக்கெட்டில் செருகிக் கலினாவைப் பார்க்கச் சொன்னார். இருநூற்று இருபத்தெட்டு என்று நின்ற எண், மோட்டார் எழுந்த கணத்தில் நூற்று எழுபதுக்குப் போய் வந்ததாம்.

குடைமிளகாய்க் காலம். திவ்னா காலை முதல் மாலைவரை மூட்டை மூட்டையாக மிளகாய் கழுவிக்கொண்டிருக்கிறாள். குளிர்காலத்துக்கு எண்பது பாட்டில் விழுது போடுகிற வீடு இது. நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்கு எப்படித் தெரியும்? அது கணினியில் இல்லை, கழுவுகிற தொட்டியில் இருந்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். தன் இயந்திரம் குற்றமற்றது. ஒரு வினாடி, முற்றத்தின் நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்போல இருந்தது. பிறகு அவர் அறைக்குள் போய், சாக்கெட்டுக்கு மேலே சுவரில் பதித்திருந்த, கம்பிகளை இணைக்கும் மின்பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பூச்சு வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது.

மோட்டாருக்குப் போகிற கம்பியிலிருந்துதான் இந்த அறைக்கும் இழுத்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் கல்யாணம் என்றதும் அவசரமாகச் சேர்த்துக் கட்டிய அறை. உள்ளே எங்கோ ஓர் இணைப்பு, பழைய அலுமினியத்தையும் புதிய செம்பையும் கையால் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு, தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திறப்பது எப்படி? ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவன் அடுப்பில் இருக்கிற பானையின் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. அதைப்போலத்தான் சம்பந்தியின் மின்பெட்டியும். இந்த ஊரில் தன் வீட்டைத் தானே கட்டிய மனிதனிடம் உன் சுவருக்குள் கோளாறு என்று சொல்வது, உன் பதினெட்டு வருஷம் கோளாறு என்று சொல்வதற்குச் சமம். சொன்னவர் நீஷுக்குப் பஸ் ஏறிவிடுவார். கேட்ட வீட்டில் மகள் இருப்பாள். மருமகன் போயான் ஸ்லோவேனியாவில் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் ஆறு நாள்தான் வீட்டில். மற்ற நாளெல்லாம் கலினா இந்த இருவரின் முகத்தைப் பார்த்துத்தான் வாழவேண்டும்.

வேறொரு வழியும் இருந்தது. பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கிக் கணினிக்குக் கீழே வைத்துவிட்டால் போதும். மின்சாரம் எவ்வளவு தாழ்ந்தாலும் திரை கறுக்காது. கலினாவின் வேலை நிலைக்கும், தன் பெயர் நிலைக்கும், சம்பந்தியின் பெயரும் நிலைக்கும். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். சாப்பாட்டு மேசையில் சூப் ஆறும்வரை அவர் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தளர்ந்த இணைப்பு மட்டும் சுவருக்குள் கனன்றுகொண்டே இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும், பெண்கள் மிளகாய்க்குத் திரும்பினார்கள். ரதிவோய் கரண்டியை நேராக வைத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்."

"சொல்லுங்க."

"என் மிஷினுக்குப் பலம் பத்தாது. நான் போட்ட பவர் சப்ளை மட்டம். மோட்டார் ஓடுறப்ப அதால தாங்க முடியல. நீங்க அனுமதி குடுத்தா, அதுக்குன்னு தனியா ஒரு லைன் இழுத்துக்கலாம்."

பிளாகோயே பிராந்தியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, அவர் பக்கமாகத் தள்ளினார்.

"முப்பத்தொரு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவருக்கு ஒரு பவர் சப்ளை பார்த்து வாங்கத் தெரியலையா?"

ரதிவோயின் காது சிவந்தது. வாழ்நாளில் எந்த இயந்திரத்தைப் பற்றியும் அவர் பொய் சொன்னதில்லை.

"தெரியல" என்றார்.

பிளாகோயே அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஸ்க்ரூடிரைவரை அவரிடம் கொடுக்கவில்லை. தன் வீட்டுப் பெட்டியைத் தானே திறந்தார். மூடி கழன்றதும் கருகிய நாடாவின் வாடை அறையெல்லாம் பரவியது. முறுக்கிய கம்பியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பு நிறத்தில் வழிந்து நின்றது. பின்னால் இருந்த செங்கல் புகை படிந்து கறுத்திருந்தது. ரதிவோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு வேலியும் ஒரு கோழியும்தான். ஆனாலும் பார்த்தார்.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நம்ம புள்ளைங்க ரெண்டு பேரும் படுக்குற கட்டில் கெடக்கு" என்றது பின்னாலிருந்து பிளாகோயேயின் குரல்.

பிளாகோயே கருகிய துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம்வரை இரண்டு கிழவர்களும் ஏணியிலும் தரையிலுமாகப் புதுக் கம்பி இழுத்தார்கள். கணினிக்கு மட்டும் இல்லை, மோட்டாருக்கும் தனியாக. இங்கே வெட்டு, அங்கே பிடி என்பதைத் தவிரப் பேச்சே இல்லை. ரதிவோய் எங்கே திருகு இறுக்கினாலும் பிளாகோயே வந்து ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். அவர் இறுக்கியதை ரதிவோயும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை, விழுதுக்காகக் குடைமிளகாய் சுடுகிற நாள். மிலுன்காவும் நீஷிலிருந்து வந்திருந்தாள். முற்றத்தில் தகர அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டார் ஆறேழு பேர் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்து தோல் உரித்தார்கள். கை ஓடும்போது வாயும் ஓடும். எதிர்வீட்டுத் தோதோருக்கு ஊரில் எல்லா விஷயமும் தெரிந்தாகவேண்டும். மிளகாயின் காம்பைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தான்.

"என்ன பிளாகோயே, அன்னிக்கு ஏணியும் கையுமா அலைஞ்சியாமே. உன் வீட்டு வயர்ல கோளாறா, சம்பந்தி குடுத்த மிஷின்ல கோளாறா?"

அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்தது. திவ்னாவின் கத்தி நின்றது. பிளாகோயே வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் ரதிவோய் முந்திக்கொண்டார்.

"மிஷின்லதான். நான் பூட்டினது. பலம் பத்தல."

"அட, டெலிபோன் ஆபீஸ்காரரே" என்று தோதோர் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். உள்ளே எந்தப் பவர் சப்ளை இருக்கிறது என்று தெரிந்த மிலுன்கா மட்டும் சிரிக்கவில்லை. கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த மிளகாயை மிகக் கவனமாக உரிக்க ஆரம்பித்தாள்.

ரதிவோயின் முதுகு நேராகவே இருந்தது. விரல் நுனிகள் சுட்டன. அவர் அதைக் கவனிக்காததுபோல உரித்துக்கொண்டிருந்தார்.

பிளாகோயே அடுப்பின் முன்னால் குனிந்து, வெந்துகொண்டிருந்த மிளகாய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் சதைப்பற்றான ஒன்றைத் தேடி எடுத்தார். சூடு பார்க்காமல் வெறும் கையால் தோலை உரித்தார். அது கிழியாமல் ஒரே இழுப்பில் வந்தது. விதையைத் தட்டி, உப்புத் தூவி, ரொட்டித் துண்டின்மேல் வைத்து, எழுந்து வந்து ரதிவோயின் தட்டில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றார்.

திவ்னா அடுத்த மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தாள். கொட்டகையில் மோட்டார் உறுமத் தொடங்கியது. இரண்டு பேரும் திரும்பி அறையின் ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கலினா குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் நெற்றியில் அசையாமல் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.