மேல்வீட்டுக் காலடிகள்

எழுந்தேன். எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்தேன். ஈரக்காற்று ஒரு சுற்றுச் சுற்றியதும் மூடினேன். காபி ஒரு கோப்பைக்கு மட்டும் போட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அப்போது மேல்வீட்டில் காலடிச் சத்தம். அடுப்பிலிருந்து ஜன்னல்வரை மெல்ல நடந்து, அங்கே நின்றது. டோம்கெ அப்படித்தான் நடப்பாள். என் மனைவி. அவள் இறந்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. பழைய வாடகைக்காரர் போனபின் மேல்வீட்டுக்கு அவளே வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்; பாதியில் நோய் வந்தது. அன்று முதல் அது பூட்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் அவள் அங்கே நடக்கிறாள். ஜன்னலருகே நின்று பேசுவாள். "யாரையும் மேல விடாத, ஆர்னெ. நான் இங்கதான் இருக்கேன்." இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டோம்கெயின் அக்கா கேசா, மேல்வீடு வாடகைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டாள். பத்து மணிக்குப் படியிலிருந்து தெருவரை வரிசை. ப்ரேமன் நகரில் காலி வீடு என்றால் அப்படித்தான். குடைகளோடு வந்தார்கள், சம்பளச் சீட்டுகளோடு வந்தார்கள். மேல்வீட்டைத் திறந்து காட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரு குறை கண்டுபிடித்து அனுப்பினேன்.

கடைசியாக யெல்கா. டிராம் ஓட்டுகிறவள். நிரந்தர வேலை. எந்த வீட்டிலும் வாடகைப் பாக்கி இல்லை.

"எப்ப குடிவரணும்?" என்று கேட்டேன்.

"மாசக் கடைசிக்குள்ளங்க. இப்ப இருக்கிற அறையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. அப்புறம் எனக்குப் போக இடமில்ல."

மறுக்க ஒன்றும் சிக்கவில்லை. அவள் கோட்டு வயிற்றருகே பொத்தான் போடாமல் இருந்தது.

"குழந்தை ஏதாவது பிறக்கப் போகுதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இல்லைங்க."

கேசா என் கையைப் பிடித்துக் கீழே சமையலறைக்கு இழுத்து வந்தாள்.

"நீ வீட்டுக்காரனா, பொண்ணு பார்க்க வந்த மாமியாரா?"

"பொய் சொல்றா, கேசா."

"சொல்லட்டுமே! வருமானம் கேளு, வேலை கேளு. வயித்தைப் பத்திக் கேட்க உனக்கு உரிமை இல்ல. கேட்டா, பொய் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. நாளைக்கு அதைக் காட்டி அவளை வெளிய அனுப்பவும் முடியாது. இத்தனை வருஷமா வீடு விடுற, இதுகூடத் தெரியாதா?"

"அதெல்லாம் டோம்கெ பார்த்துப்பா."

"அவ இருந்திருந்தா உன் காதைத் திருகியிருப்பா."

பதில் சொல்ல வாயெடுத்தேன். தலைக்கு மேலே காலடிகள். அடுப்பிலிருந்து ஜன்னல்வரை. அங்கே ஒரு நிற்றல்.

நான் கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் கேசா. "அந்தப் பொண்ணுதான். ஜன்னல்ல ஆறு தெரியுதுல்ல, யார் போனாலும் அங்கதான் நிப்பாங்க."

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே யாரும் பேசவில்லை. காலடி கொஞ்சம் கனமாக இருந்தது, இரண்டு பேரைச் சுமக்கிற மாதிரி. பிறகு மேலே போனேன்.

"நான் எதுவும் கேட்கல," என்றேன். "நீங்களும் எதுவும் சொல்லல. மாசக் கடைசி வேண்டாம், திங்கள்கிழமையே வாங்க."

அவள் சாவியை வாங்கி இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

கீழே இறங்கினேன். இத்தனை நாள் காலையில் டோம்கெ ஜன்னலருகே நின்று சொன்னதெல்லாம் நானாகச் சொல்லிக்கொண்டது. அவள் கடைசியாகப் பேசியது மருத்துவமனையில், ஒரு மாலை, நான் கிளம்பக் கோட்டு மாட்டும்போது.

"நாளைக்கு வரும்போது நம்ம வீட்டுத் தலையணையை எடுத்துட்டு வா, ஆர்னெ. இது கல்லு மாதிரி இருக்கு."